பெட்டியை அணைக்கும் நாள்

பழைய ஹார்ட் டிஸ்க் சாகப்போகிற சமயத்தில் பல்லி மாதிரி கத்தும். டிக், டிக், டிக். கொஞ்சம் ஓய்ந்து மறுபடியும் டிக், டிக். அதைக் கேட்டாலே என்னைப் போன்ற சர்வீஸ்காரர்கள் உடனே பையைத் திறந்துவிடுவோம். தெய்வசிகாமணி சார் அதை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் விரலால் மேசையைத் தட்டிவிட்டு, நல்ல சகுனம் என்று சந்தோஷமும் பட்டிருக்கிறார்.

"வடகெழக்கு மூலைங்க அம்மிணி. அந்தப் பக்கமிருந்து பல்லி சொன்னா நல்லதுன்னு எங்கப்பாரு சொல்லுவாருங்க. பெட்டிக்குப் பின்னால ஏதோ குடியிருக்குதாட்ட இருக்குது, இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"சார், கத்தினது பல்லி இல்ல. உள்ள இருக்கற டிஸ்க். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா உங்க வீட்டம்மாவோட இத்தனை வருஷ ஞாபகமும் ஒரேயடியாப் போயிருக்கும்."

அவர் முகம் தொங்கிவிட்டது. கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து நடத்தியவர். தன் வீட்டு ஹாலிலேயே ஒரு மிஷின் தேய்ந்துகொண்டிருந்ததைப் பல்லி என்று நினைத்துவிட்டோமே என்று அவருக்கு ஒரே அவமானம். எனக்கு வந்த சிரிப்பை அப்படியே முழுங்கிக்கொண்டேன்.

ஞாபகப் பெட்டி என்றால் ஏதோ அதிசயம் என்று நினைக்க வேண்டாம். ஆபீஸ் மேசைக்கு அடியில் கிடக்கிற அதே டெஸ்க்டாப்தான். மறதி நோய் வந்தவர்களுக்குக் காதின் பின்னால், எலும்பில், கடுகளவு ஒரு மணியைப் பதித்துவிடுவார்கள். நாள் முழுக்க அவர்கள் பேசுவதையும் கேட்பதையும் மணி பெட்டிக்கு அனுப்பும். பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் மணி வழியாகக் காதோடு சொல்லும். அடுப்பில் பால் இருக்கிறது. இவர் உங்கள் நாத்தனார். மாத்திரை போட்டாகிவிட்டது. இந்த மாதிரி.

நான் நிலோஃபர். உக்கடத்தில் ஒரு சின்ன சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பை நிறைய டிஸ்க்குகளோடு ஸ்கூட்டரில் கோயம்புத்தூர் முழுக்கச் சுற்றுகிறவள். இந்தத் தொழிலில் சம்பாத்தியத்தைவிட அடுத்த வீட்டு அழுகைதான் அதிகம் சேர்கிறது. அதனால் யார் வீட்டிலும் கதை கேட்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அன்றைக்கு அது நடக்கவில்லை.

சாரின் மனைவி துளசிமணி அம்மா காபி கொண்டுவந்தார். ஒல்லியான உடம்பு, பளிச்சென்று வாரிய தலை. டம்ளரை என் கையில் கொடுக்கும்போது அவர் உதடு அசைந்தது. "டிஸ்க்கு மாத்த வந்த புள்ள. பேரு நிலோஃபர். சக்கரை எச்சா, ரெண்டு கரண்டி கேட்டுச்சு" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். மணி வைத்த எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வந்துவிடும். காதில் விழுவதை ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்தால்தான் அவர்களுக்கு மனதில் நிற்கும். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரிதான்.

அவர் உள்ளே போனதும் சார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணும். புதுசுக்கு மாத்தறப்ப உள்ள இருக்கற எல்லாத்தையும் மாத்தித்தான் ஆகோணுங்களா?"

"எதை விடணும் சார்?"

சுவரைக் காட்டினார். சந்தன மாலை போட்ட படம். பைக் மேல் உட்கார்ந்து சிரிக்கிற ஒரு பையன்.

"கிருபாகரன். என்ற பையன். ஒரே பையன். பைபாஸ்ல லாரிக்காரன் அடிச்சுப்போட்டான். அவளுக்குச் சீக்கு வந்து இந்தப் பெட்டி வாங்கறதுக்கு முன்னாலயே போயிட்டான்." படத்திலிருந்து கண்ணை எடுத்தார். "தெனமும் காலையில எந்திரிச்சதும் பெட்டி அவளுக்கு எல்லாத்தையும் சொல்லுமுங்க. இன்னிக்கு என்ன கெழமை, ஊட்டுக்காரன் யாரு, நேத்து என்ன பண்ணுனா, யாருகிட்ட என்ன பேசுனா. கடைசியா, 'உங்கள் மகன் கிருபாகரன் உயிருடன் இல்லை.' அதையும் அவ வாயில சொல்லுவா. நான் பக்கத்துல காபியோட உக்காந்து கேட்டுட்டிருப்பேன். தெனமும் புதுசா அழுவுறா அம்மிணி. தெனமும் எங்கூட்டுல எழவு."

"அதை எடுக்க முடியாது சார். சட்டம்."

"எவன் போட்ட சட்டமுங்க அது?"

"பையன் செத்ததை மறைச்சு, அவனே கேட்டதாச் சொல்லி, நோயாளி அம்மாகிட்ட வீட்டை எழுதி வாங்கிட்டாங்க ஒரு குடும்பத்துல. கேஸ் பெருசாகிடுச்சு. அதுக்கப்புறம் நெருங்கின சாவு எதையும் மறைக்கக் கூடாதுன்னு வந்திருச்சு. ஒரு வரி கொறைஞ்சாலும் புது டிஸ்க் ஸ்டார்ட்டே ஆகாது."

"எவனோ திருடுனதுக்கு என்ற பொண்டாட்டி அழுவோணும்." ரகசியம் சொல்வது போல் குனிந்தார். "வருசத்துல ஒரே ஒரு நா எங்களுக்கு நிம்மதிங்க. ஆயுத பூசை."

பட்டறைக்காரர் வீட்டில் அன்றைக்கு எந்த மிஷினும் ஓடக்கூடாது. பெட்டி வாங்கிய முதல் வருஷம், அதுவும் மிஷின்தானே என்று, முதல் நாளே அணைத்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார். மறுநாள் காலையில் காதில் எதுவும் சொல்ல ஆள் இல்லை.

"எந்திரிச்சு வந்து, 'ஏனுங், கிருபா போன் பண்ணுனானுங்களா'ன்னு கேட்டா. எனக்கு உசுரே நின்னு போச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம, பண்ணுனான் துளசி, தீவாளிக்கு வர்றானாம்னு சொல்லிப்போட்டேன். அன்னிக்குப் பூராவும் சிரிச்சுட்டே இருந்தா. அவன் சின்னதுல பண்ணுன சேட்டையெல்லாம் சொல்லிச் சொல்லி, நானும் சிரிச்சேன். அப்பறம் ஒவ்வொரு வருசமும் அந்த நோம்பிக்கு மொத நாளே போட்டோவக் கழட்டிப் பீரோவுல வச்சிருவேன். அந்த ஒரு நா மட்டும் என்ற பையன் பெங்களூர்ல இருப்பான்."

அவர் கண் கலங்கியிருந்தது. புது டிஸ்க்கைப் பற்றி ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"சார், புது டிஸ்க் போட்டா மணிக்கும் புது புரோகிராம் ஏத்தணும். இனிமே பெட்டியை அணைச்சாலும் மணி தானாவே வேலை செய்யும். பேசவும் செய்யும், கேக்கவும் செய்யும்."

"அப்ப ஆயுத பூசைக்கு?"

"பெட்டி அணைஞ்சிருக்கறப்ப பேசாம இருக்கற மாதிரி நான் செட் பண்ணிக் குடுக்கறேன். அதுக்கு வழி இருக்கு. ஆனா கேக்கறதை நிறுத்த முடியாது. அன்னிக்குக் கேட்டதெல்லாம் பெட்டியை மறுபடி போட்டதும் உள்ள போய்ச் சேர்ந்துரும்."

"கேட்டாக் கேட்டுட்டுப் போகுது. பேசாம இருந்தாப் போதுமுங்க." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் மனிதர்.

முதலில் அம்மாவை உட்காரவைத்து மணிக்குப் புது புரோகிராமை ஏற்றி, பெட்டி அணைந்தால் பேசாதபடி செட் செய்தேன். பிறகு பெட்டியை அணைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பழைய டிஸ்க்கை வெளியே எடுத்தேன். இரண்டு டிஸ்க்கையும் பக்கத்துப் பக்கத்தில், நகலெடுக்கிற காப்பிப் பெட்டியில் மாட்டிவிட்டால் பிறகு காத்திருப்பதுதான் வேலை. அடிபட்ட டிஸ்க் என்பதால் மெதுவாகத்தான் நகரும்.

"சாயங்காலம் ஆயிரும் சார். அது வரைக்கும் பெட்டி இல்ல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவருக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. ஆடி மாதத்தில் தானாக ஓர் ஆயுத பூஜை வந்து வாசலில் நிற்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏறி, மாலையோடு படத்தைக் கழற்றி, உள்ளே கொண்டுபோனார். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. சுவரில் ஆணி மட்டும் நின்றது.

கொஞ்ச நேரத்தில் அம்மா ஹாலுக்கு வந்தார். புதிதாக வந்த இடத்தைப் பார்ப்பது போல் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங், கிருபா போன் பண்ணுனானுங்களா?"

"பண்ணுனான் துளசி! இப்பத்தான் வெச்சான்!" சாரின் குரலே மாறிவிட்டது. பத்து வயது குறைந்த குரல்.

"இது யாருங்?"

அவர் திணறினார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை எந்தக் கொள்கையும் தாங்காது. "கிருபாகூட வேலை செய்யற புள்ள" என்றார்.

"பேரென்ன கண்ணு?"

"நிலோஃபர்மா."

 சார் இருமினார். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் சொன்ன புள்ள நீதானா? பயந்துக்காதே சாமி. அவனுக்குப் புடிச்சாச் சரி. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

சார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இப்படி ஒரு பேச்சை அவர் மனைவி வாயிலிருந்து கேட்டதே இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அடுத்த நிமிஷம் சட்டையை மாட்டிக்கொண்டார். "ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குது, வெறும் காபியோடயா தாட்டி உடறது? மைசூர்பா வாங்கிட்டு வந்தர்றேன். பூவும் வாங்கோணும்." செருப்பைச் சரியாகக்கூடப் போடாமல் ஓடினார்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மா என் கையை விடவில்லை.

"போட்டோவப் பீரோவுலதான் வச்சாரா கண்ணு? பாத்து வச்சாரா? போன நோம்பிக்கு அவசரத்துல மூலையில கண்ணாடிய ஒடச்சுப்புட்டாரு."

 "அம்மா... உங்களுக்கு..."

"தெரியும். பெட்டி இல்லாட்டி காலையில என்ன தின்னேன்னு தெரியாது. உன்ற பேரு இப்பச் சொன்னியே, அதுவும் போயிருச்சு. ஆனா அவனைப் பத்துனது மட்டும் போவமாட்டீங்குது. ஆஸ்பத்திரியில அவன் நெத்தியத் தொட்டேன். சில்லுனு இருந்துச்சு. இங்க இருக்குது பாரு." உள்ளங்கையைக் காட்டினார். "பெட்டியில இருக்கறது வெறும் சேதி."

"அப்ப எதுக்கும்மா இப்படி?"

"மொத வருசம் தூக்கக் கலக்கத்துல நெசமாத்தான் கேட்டுப்போட்டேன். கேட்டு வாய மூடறதுக்குள்ள ஞாபகம் வந்திருச்சு. ஆனா அதுக்குள்ள அவரு மூஞ்சியப் பாத்துட்டேன் கண்ணு. பையன் போனதுக்கப்பறம் அந்த மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. அத எப்படி அணைக்கறது? ஆமான்னு தலையாட்டுனேன். வருசா வருசம் ஆட்டறேன். அவரு என்ற நிம்மதிக்குன்னு பண்றாரு. பண்ணிக்கட்டும்."

"தினமும் காலையில அழறீங்கன்னு சொன்னாரே."

"தெரிஞ்சதையே எவளோ ஒருத்தி தெனமும் காதுல வாசிச்சா உனக்கு அழுவ வராதா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் நெசமாவே ஒரு புள்ளயப் பத்தி எங்கிட்டச் சொன்னான். உங்க ஆளுகதான். நான் காது குடுத்துக் கேக்கல. அப்பறம் பேசிக்கலாம்னு இருந்தேன். இன்னிக்கு உன்னைய வச்சுச் சொல்லிக்கிட்டேன். தப்பா நெனைச்சுக்காதே."

 காப்பிப் பெட்டியில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் வேலை ஞாபகம் வந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நீங்க இப்பப் பேசினதெல்லாம் உங்க மணி கேட்டுக்கிட்டிருக்கு. சாயங்காலம் பெட்டிக்குப் போயிரும். போனதுக்கப்புறம் எடுக்க முடியாது. வேண்டாம்னா இப்பவே அழிச்சுடறேன்."

அவர் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆடிக் காற்று தென்னை ஓலையைப் போட்டு உலுக்கியது.

"வேண்டாம். இருக்கட்டும். இனிமே பழசும் போயிருமுன்னு டாக்டர் சொன்னாரு. கையில இருக்கற இந்தச் சில்லும் ஒரு நா போயிரும். அப்ப நான் நடிக்கறனா, நெசமாக் கேக்கறனான்னு எனக்கே தெரியாது. நடிப்புன்னு எனக்கு எடுத்துச் சொல்லறதுக்கு அந்தப் பெட்டியாவது இருக்கட்டும்." என் கையை ஒரு அழுத்து அழுத்தினார். "அவருகிட்டச் சொல்லிப்போடாதே."

சார் மைசூர்பாவும் மல்லிகையுமாக வந்தார். என் தலையில் அம்மா பூ வைத்துவிட்டார். கிருபா பள்ளிக்கூடத்து மணியை ஒளித்துவைத்த கதையைச் சார் சொன்னார், அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இவ்வளவு நன்றாக நடிக்கிற ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். மைசூர்பாவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டிஸ்க் காப்பி ஆகி முடிந்தது. புது டிஸ்க்கை மாட்டி, மணியின் பேச்சு செட்டிங்கைச் சரிபார்த்து, மூடியை முடுக்கினேன். பெட்டி ஓடத் தொடங்கியது.

"சத்தமே இல்லீங்களே அம்மிணி?"

"இதுல சுத்தற பாகமே இல்ல சார். கெட்டுப்போனாலும் சத்தம் போடாது."

அது அவருக்குப் பிடிக்கவில்லை. படத்தை மறுபடி மாட்டினார். அம்மா ஹால் நடுவில் நின்று காது கொடுத்துக் கேட்டார். உதடு அசைந்தது. "உங்கள் மகன் கிருபாகரன் உயிருடன் இல்லை." முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சார் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார். பூவோடு நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஆயுத பூஜை முடிந்து, கடைகளில் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தொங்கிக்கொண்டிருந்த சமயம். தெய்வசிகாமணி சார் என் கடைக்கு வந்தார். டிஸ்க் ஏதும் கொண்டுவரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும் போலிருந்தது.

"எனக்கு அடுத்த நாளே தெரிஞ்சு போச்சுங்க அம்மிணி" என்றார்.

"எது சார்?"

"அவ உங்ககிட்டப் பேசுனது. காலையில பெட்டி எப்பவும் நேத்து என்ன பேசுனான்னு சொல்லுமுங்களே. அவ வாயில சொல்லிட்டே வந்தா. 'எனக்குத் தெரியும், அவருக்காக நடிக்கிறேன் என்று நிலோஃபரிடம் சொன்னீர்கள்.' சொன்னதும் பகீர்னு என்னையப் பாத்தா. நான் காபிய ஊதிட்டிருந்தேன். கேக்காத மாதிரி."

எனக்கு மேசையில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த உதட்டசைவை நான் கண்ணால் பார்த்தவள். அவரிடம் சொல்லாதே என்று அம்மா கேட்டுக்கொண்டது என்னிடம் மட்டும்தான். காலையில் பெட்டி அதை அம்மா வாயாலேயே சொல்லவைக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"அதுக்கப்பறம் நானும் நடிச்சேனுங்க. ஆனா மனசு கேக்கல. இத்தன வருசமா எனக்காக அழுகைய முழுங்கியிருக்கறா. அந்த ஒரு நாளும் அவளுக்கு லீவு இல்ல பாருங்க, வேலைதான். இந்த நோம்பிக்கு அவள உட்டுறோணும்னு முடிவு பண்ணுனேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து ஒரு தடவ நெசமா அழுதுக்கலாமுன்னு. பெட்டிய அணைச்சேன். போட்டோவக் கழட்டல. அவ எந்திரிச்சு வந்தா. எப்பவும் போலக் கேட்டா. கிருபா போன் பண்ணுனானுங்களான்னு."

 நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினேன். அவர் தொடவில்லை.

"அவ கையப் புடிச்சுட்டுச் சொன்னேன். போதும் துளசி. எனக்குத் தெரியும். நீ நடிக்க வேண்டாம். நம்ம பையன் செத்துப் போயிட்டான், அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்னு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"கையப் புடுங்கிக்கிட்டா. என்னைய யாரோ மாதிரிப் பாத்தா." அவர் குரல் உடைந்தது. "'யாரு செத்தாங்க?'ன்னு கேட்டா அம்மிணி."

கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. நடிப்பு என்று எடுத்துச் சொல்லட்டும் என்றுதான் அம்மா பெட்டியை நம்பினார். ஆனால் அந்த ஒரு நாளில்தான் பெட்டி அணைந்திருந்தது. மணியைப் பேசவிடாமல் கட்டிப்போட்டுக் கொடுத்தவள் நான்.

"லாரி அடிச்சதச் சொன்னேன். அன்னிக்குப் பூராவும் பைபாஸுக்குக் கூட்டிட்டுப் போன்னு அழுதா. அங்க போயி அவனத் தேடோணுமாம். இன்னொரு வாட்டி சாவக் குடுத்தாச்சுங்க. இந்த வாட்டி லாரிக்காரன் இல்ல, நான்." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்ககிட்டச் சொன்னாளே, நடிப்புன்னு. இந்த வருசமும் நடிப்பாத்தான கேட்டிருப்பா? நான் பட்டுனு சொல்லவும் அதிர்ச்சியில பொறவுதான் மறந்திருப்பா, இல்லீங்களா? கேக்கறப்ப அவளுக்குத் தெரிஞ்சுதான இருந்திருக்கும்?"

அதே கெஞ்சல். அன்றைக்கு ஹாலில் பார்த்தது.

"ஆமா சார்" என்றேன். "நடிப்பாத்தான் கேட்டிருப்பாங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பின்னால் பெஞ்சில் யாரோ சர்வீஸுக்குக் கொடுத்திருந்த பழைய டிஸ்க் ஒன்று கத்த ஆரம்பித்தது. டிக், டிக், டிக். அது என்னவென்று அவருக்கு இப்போது தெரியும். இருந்தும் விரலை மடக்கி, என் மேசையை மெதுவாகத் தட்டினார்.